திருடனுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு



தலித் இலக்கிய மேடையில், அதுவும் மறைந்த ஒரு தோழரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவில், ஓர் ஆங்கில நகைச்சுவை நாவலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். அதிலும் அது மாயாஜால நாவல். மந்திரவாதிகளும் பூதங்களும் பேசும் மண்பொம்மைகளும் உலவும் ஒரு கற்பனை நகரத்தில், தூக்குமேடை வரை போய்வந்த ஓர் எத்தன்தான் கதாநாயகன். 'இதில் நமக்கு என்ன இருக்கிறது?' என்று கேட்டார்கள். இந்த உரை அந்தக் கேள்விக்கான பதில்.

டெர்ரி பிராட்செட் 1948இல் பிறந்த ஆங்கில எழுத்தாளர். பதினேழு வயதில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தவர். பிறகு இங்கிலாந்தின் மின்வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அலுவலராக வேலை பார்த்தார். 1983 முதல் 'டிஸ்க்வேர்ல்ட்' என்ற தட்டையான உலகத்தைப் படைத்து அதில் 41 நாவல்கள் எழுதினார். அல்சைமர் நோயின் அரிய வகை ஒன்று தாக்கியும் எழுதுவதை விடாமல் 2015 மார்ச்சில் இறந்தார். நாம் பேசப்போவது 2004இல் வந்த 'கோயிங் போஸ்டல்'. தலைப்பிலேயே சிலேடை: தபாலைக் குறிக்கும் அதே சொற்கள் அமெரிக்கப் பேச்சுவழக்கில் வெறிபிடித்து ஆடுவதையும் குறிக்கும்.

கதை இதுதான். மாய்ஸ்ட் வான் லிப்விக் பிறவி ஏமாற்றுக்காரன். கண்ணாடிக்கல் மோதிரத்தை வைரமென்று விற்பான், நோஞ்சான் குதிரையைப் பந்தயக் குதிரையாகக் காட்டுவான், வங்கி உண்டியல்களைப் போலியாக எழுதுவான். ஆங்க்-மார்ப்பார்க் நகரத்தில் வேறொரு பெயரில் பிடிபட்டு, சிறையில் தூக்குக்குக் காத்திருக்கிறான். கரண்டியால் வாரக்கணக்காகச் சுவரைச் சுரண்டி ஒருவழியாக ஒரு கல்லைப் பெயர்க்கிறான். பின்னால் இன்னொரு புதிய கல்லும் அதன் அருகே ஒரு புதிய கரண்டியும் இருக்கின்றன. கைதிக்கு நம்பிக்கை வேண்டும் அல்லவா என்று சிறைக்காவலர்களே அன்போடு செய்த ஏற்பாடு அது. பிராட்செட்டின் எள்ளல் இத்தகையது. சிரித்துமுடித்த பிறகுதான் நெஞ்சில் முள் தைத்திருப்பது தெரியும்.

தூக்கில் தொங்குகிறான், ஆனால் சாகவில்லை. கண்விழிக்கும்போது நகரத்தின் சர்வாதிகாரியான வெட்டினாரியின் எதிரே உட்கார்ந்திருக்கிறான். இழுத்து மூடப்பட்ட நிலையில் கிடக்கும் தபால் நிலையத்தைத் தலைமை அதிகாரியாக இருந்து மீண்டும் நடத்தவேண்டும், விருப்பமில்லையென்றால் அந்தக் கதவு வழியாகப் போய்விடலாம் என்கிறார் வெட்டினாரி. கதவைத் திறந்தால் அப்பால் தரை இல்லை, ஆழமான பள்ளம். மாய்ஸ்ட் வேலையை ஏற்றுக்கொள்கிறான். தபால் நிலையத்திலோ பட்டுவாடா ஆகாத கடிதங்கள் கூரைவரை குவிந்திருக்கின்றன. அவன் அஞ்சல்தலையைக் கண்டுபிடிக்கிறான், பொன்னிற உடையில் குதிரையேறி நகரத்தை மயக்குகிறான். 'கிளாக்ஸ்' என்ற கோபுரத் தந்தி வலையமைப்பை அபகரித்து வைத்திருக்கும் ரீச்சர் கில்ட் என்ற பெரும் முதலாளியோடு மோதி வெல்கிறான். சுருக்கமாகச் சொன்னால், திருடன் நல்லவனாகும் கதை.

இந்தக் கதையில் மூன்று கேள்விகள் நமக்கு முக்கியமானவை. எந்தத் திருடனை உலகம் ரசிக்கிறது? திருட்டு என்று எதைச் சொல்கிறோம்? இரண்டாவது வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

1. முகமில்லாத மனிதன்

மாய்ஸ்டின் பெரிய மூலதனம் அவனுடைய முகம். யாருக்குமே நினைவில் நிற்காத முகம் அது. ஒட்டுமீசை வைத்து, தொப்பியை மாற்றி, இன்னொரு பெயரைச் சொன்னால் போதும், அவன் இன்னொரு ஆள். ஐரோப்பிய எத்தர் கதைகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். நகரத்தில் யாரும் யாரையும் அறியார். ஆகவே ஒருவன் தன்னைத் தானே புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

நகரத்தைப் பற்றிய இந்த நம்பிக்கை நமக்கும் அந்நியமல்ல. கிராமத்தைப் போற்றியவர்களுக்கு எதிராக 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் பேசியதை அறிவோம். ஊரும் சேரியும் பிரிந்துகிடக்கும் கிராமத்தைவிட்டு ஓடி, பெயர் தெரியாத கூட்டத்தில் கரைந்துபோவது நம் முன்னோர் பலருக்கு விடுதலையின் முதல் படி.

ஆனால் கரைந்துபோக நகரம் நம்மை விட்டதா? 1917இல் அம்பேத்கருக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்ப்போம். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்று இருக்கிறது, ஆனால் பார்சிகளுக்கு மட்டும். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு, வாடகை கொடுத்துத் தங்குகிறார். பதினொன்றாம் நாள் காலை தடிகளோடு ஒரு கூட்டம் மாடியேறி வந்து, விடுதியைத் தீட்டாக்கிவிட்டாய் என்று சொல்லி அன்று மாலைக்குள் வெளியேறச் சொல்கிறது. நகரத்தில் வேறு இடம் கிடைக்காமல் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் பம்பாய்க்கு ரயிலேறினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இரண்டு பேரும் வேறு பெயரில் வாழ்ந்தவர்கள்தாம். ஒருவன் பொய்ப்பெயர் சொன்னது கொள்ளையடிக்க. அவன் கதையைப் படித்து உலகமே சிரிக்கிறது. மற்றவர் பெயரை மாற்றி எழுதியது ஓரிரவு தூங்க. அவரை நோக்கித் தடிகள் வந்தன. எத்தனாக இருப்பதற்கும்கூட ஒரு சலுகை தேவைப்படுகிறது. சாதி ஒருவருடைய முகத்தை நினைவில் வைப்பதில்லை. எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, குலசாமி எது என்று கேட்கிறது. முகம் மறந்துபோகும். தெருவை யாரும் மறப்பதில்லை.

2. ரசீதோடு திருடுகிறவர்கள்

பிராட்செட்டின் நகரத்தில் திருடர் சங்கம் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு. ஆண்டுக்கு இவ்வளவு திருட்டு என்று ஒதுக்கீடு உண்டு. திருடியதற்கு ரசீது தருவார்கள். முன்கூட்டியே சந்தா கட்டிவிட்டால் திருட வரமாட்டார்கள். உரிமமில்லாமல் திருடுகிறவனைச் சங்கமே தண்டித்துவிடும். குற்றத்தை ஒழிக்கமுடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்பது வெட்டினாரியின் நிர்வாகத் தத்துவம்.

இதைப் படித்துவிட்டு நம் நாட்டுப் பக்கம் திரும்பினால் சிரிப்பு நின்றுவிடும். பிரிட்டிஷ் அரசும் திருடர்களைப் பதிவு செய்தது. ஆனால் அது பதிவு செய்தது தொழிலை அல்ல, பிறப்பை. குற்றப் பழங்குடிச் சட்டம் 1871இல் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. தச்சன் மகன் தச்சன், ஆகவே திருடன் மகன் திருடன் என்ற தர்க்கம்தான் அதன் அடிப்படை. சாதியைச் சட்டமொழியில் எழுதினால் இப்படித்தான் வரும். குறவர்கள், பிரமலைக் கள்ளர்கள் எனப் பல சமூகங்கள் கைரேகை வைக்கவும் காவல்நிலையத்தில் ஆஜராகவும் கட்டாயப்படுத்தப்பட்டன. பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இலும் அந்தச் சட்டம் நீங்கியது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் வேறு சட்டங்கள் அதன் இடத்துக்கு வந்தன.

சட்டம் போனாலும் பொதுப்புத்தி போகவில்லை. 'ஜெய்பீம்' திரைப்படம் 2021இல் வந்தபோது திருட்டு வழக்கு என்ற பெயரில் காவலில் ஒரு மனிதன் கொல்லப்படுவதைப் பார்த்து நாடே அதிர்ந்தது. அதற்கு மூலமான 1993 சம்பவத்தில் இறந்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர்.

எங்கள் சொந்த அனுபவம் ஒன்று. முதுகலை படித்த காலத்தில் விடுதியில் ஒரு மாணவரின் கைக்கடிகாரம் காணாமல் போனது. மொத்தம் நாற்பது பேர் தங்கியிருந்த தளத்தில், முதலில் திறக்கச் சொன்னது எங்கள் மூவருடைய டிரங்குப் பெட்டிகளை மட்டும். மூவரும் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த பொடி டப்பாவைக்கூடத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கடிகாரம் உரியவரின் அழுக்குத் துணி மூட்டையிலிருந்து விழுந்தது. 'கிடைச்சிருச்சுப்பா' என்று எல்லோரும் சிரித்தார்கள். எங்களிடம் வந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாய்ஸ்ட் திருடியபிறகும் கெட்டிக்காரன் என்ற பெயரோடு இருக்கிறான். நாங்கள் திருடாமலே திருடர்களாக இரண்டு நாள் இருந்தோம்.

3. 2.338 பேர்

நாவலின் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மாய்ஸ்டைக் கண்காணிக்க ஒரு கோலெம் நியமிக்கப்படுகிறது. கோலெம் என்பது யூதத் தொன்மத்தில் வரும் மண்மனிதன். பிராட்செட்டின் கோலெம்கள் களைக்காத, கூலி கேட்காத உழைப்பாளிகள். இந்தக் கோலெமின் பெயர் பம்ப் 19. ஓர் ஆழ்துளைக் குழியின் அடியில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர். செய்யும் வேலையே பெயராக, அதற்கும் ஓர் எண். இந்த வழக்கம் நமக்குப் புதிதா என்ன?

தான் யாரையும் அடித்ததில்லை, கத்தி எடுத்ததில்லை, பேராசைக்காரர்களைத்தான் ஏமாற்றினேன் என்று மாய்ஸ்ட் பெருமையாகச் சொல்கிறான். நீ 2.338 பேரைக் கொன்றிருக்கிறாய் என்று கோலெம் கணக்குச் சொல்கிறது. மோசடியால் சேமிப்பை இழந்தவர்கள், நொடித்துப்போன வியாபாரங்கள், வேலை போனவர்கள், இவர்கள் ஒவ்வொருவரின் ஆயுளிலிருந்தும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கியிருக்கிறான். அந்தத் துண்டுகளை எல்லாம் கூட்டினால் இரண்டு முழுச் சாவுகளும் மூன்றாவதில் ஒரு பங்கும் வருகின்றன.

சமூகவியல் மாணவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். தொழிலாளரைச் சாகடிக்கும் சூழலில் தெரிந்தே வைத்திருப்பதை 'சமூகக் கொலை' என்று எங்கெல்ஸ் 1845இல் எழுதினார். கொல்பவர் என்று ஒருவரைச் சுட்டமுடியாத வன்முறையை 'கட்டமைப்பு வன்முறை' என்று யோஹான் கால்டுங் 1969இல் வரையறுத்தார். வகுப்பறையில் புரியவைக்க ஒரு பருவம் பிடிக்கும் கருத்தை ஒரு தசமப் புள்ளியில் வைத்துச் சொல்லிவிடுகிறார் ஒரு நகைச்சுவை எழுத்தாளர். நாவல் அத்தோடு நிற்பதில்லை. கதாநாயகி அடோரா பெல் ஒரு காலத்தில் வங்கி எழுத்தர். போலி உண்டியல்களை நம்பி வாங்கியதால் வேலை இழந்தவர். எழுதியவன் மாய்ஸ்ட். புள்ளிவிவரம் எதிரே வந்து முகம்காட்டுகிறது. அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. மாய்ஸ்ட் என்றால் ஆங்கிலத்தில் ஈரமானவன். ஆங்கில வாசகருக்கு அது வெறும் கேலிப்பெயர். தமிழில் ஈரத்துக்கு இரக்கம் என்றும் பொருள் இருப்பதால், நமக்கு அது ஒரு மனிதனுக்குள் ஈரம் சுரக்கும் கதையாகவும் ஆகிவிடுகிறது.

கில்டுக்கு அது சுரப்பதேயில்லை. கோபுரத் தந்தியை உருவாக்கியவர்களிடமிருந்து நிதித் தந்திரங்களால் பிடுங்கிக்கொண்ட அவன், லாபத்துக்காகப் பராமரிப்பு நேரத்தை வெட்டுகிறான். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுது பார்க்கவேண்டிய தொழிலாளர்கள் கோபுரத்திலிருந்து விழுந்து சாகிறார்கள். அடோரா பெல்லின் சகோதரர் ஜானும் கோபுரத்திலிருந்து விழுந்து செத்தவர்தான். கில்டை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. விருந்துக்கு அழைக்கிறார்கள்.

இனி நம் கணக்கு. மனிதரைப் பாதுகாப்புக் கருவிகளின்றி மலக்குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை 30 லட்சமாக 2023இல் உயர்த்தியது. தொகை உயர்கிறது. குழிக்குள் இறங்குவது நின்றபாடில்லை. இயந்திரம் வாங்காமல் மிச்சம்பிடித்த ஒப்பந்தக்காரரின் கணக்கில் எத்தனை பேர் என்று சொல்ல நம் ஊரில் எந்தக் கோலெமும் இல்லை. அந்தக் கணக்கைப் போடுவது செயல்பாட்டாளர்களின் வேலை.

4. தலையெழுத்து

கோலெமின் தலைக்குள் ஒரு காகிதம் இருக்கும். அதில் எழுதியிருப்பதைத்தான் அது செய்யும். தமிழில் இதற்கு விளக்கமே தேவையில்லை. தலையெழுத்து என்று நாம் சொல்வதை பிராட்செட் அப்படியே பொருளாக்கிவிட்டார். 1996இல் வந்த 'ஃபீட் ஆஃப் கிளே' நாவலில் ஒரு கோலெமை விலைக்கு வாங்கி, வாங்கிய ரசீதை அதன் தலைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அதாவது, இனி அதற்கு அதுவே உரிமையாளர். 'கோயிங் போஸ்டல்' வரும்போது விடுதலையான கோலெம்கள் கூலியைச் சேர்த்துவைத்து, அடிமைப்பட்டிருக்கும் மற்ற கோலெம்களை விலைக்கு வாங்கி விடுவிக்கின்றன.

சாதியை ஒழிக்க, அதற்குப் புனிதம் தரும் சாத்திரங்களின் அதிகாரத்தை உடைக்கவேண்டும் என்று 'சாதி ஒழிப்பு' நூலில் 1936இலேயே அம்பேத்கர் எழுதினார். தலைக்குள் இருக்கும் எழுத்தை மாற்றாமல் வெளியே சங்கிலியை மட்டும் அறுத்தால் போதாது. அதே நேரத்தில் விடுதலையானவர் தனியே நடந்துபோய்விடக்கூடாது, இன்னும் குழியில் இருப்பவருக்குத் திரும்பிக் கைகொடுக்கவேண்டும். படித்து வேலைக்குப் போன நம்மில் எத்தனை பேர் அந்தக் கோலெம்களின் கணக்கில் வருவோம் என்று அவரவர் மனதுக்குள் கேட்டுக்கொள்வோம்.

5. நமக்கு உடன்பாடில்லாத இடங்கள்

பாராட்டோடு முடித்தால் அது வாசிப்பாகாது. இரண்டு குறைகளைச் சொல்லவேண்டும்.

ஒன்று, புதைத்து வைத்திருந்த கொள்ளைப் பணம் 1,50,000 டாலரை மாய்ஸ்ட் தோண்டியெடுக்கிறான். தெய்வங்கள் காட்டிக்கொடுத்ததாக நாடகமாடி, அதைக்கொண்டு தபால் நிலையத்தைப் புதுப்பிக்கிறான். நகரம் கொண்டாடுகிறது. ஆனால் அது யாருடைய பணம்? அந்த 2.338க்குள் அடங்கியவர்களுடையது. அவர்களுக்கு அது திரும்பவில்லை. திருந்தியவனின் புகழுக்கு இழந்தவர்களின் பணம் உரமாகிவிட்டது. மனமாற்றம் வேறு, இழப்பீடு வேறு. மன்னிப்பு கேட்டாயிற்று, பழையதை மறந்துவிடுவோம் என்று சொல்பவர்களிடம் நாம் கேட்கவேண்டியதும் இதுதான்: நிலம் எங்கே?

இரண்டு, மாய்ஸ்டின் இரண்டாவது வாய்ப்பு ஒரு சர்வாதிகாரியின் தயவில் வந்தது. கடைசியில் கில்டுக்கும் வெட்டினாரி அதே கதவைக் காட்டி அதே வாய்ப்பைத் தருகிறார். அவன் ஆணவத்தோடு கதவைத் தேர்ந்தெடுத்துப் பள்ளத்தில் மறைகிறான். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் நல்ல சர்வாதிகாரி ஒருவர் மேலே உட்கார்ந்து சரியான ஆளைப் பொறுக்கியெடுப்பார் என்ற நம்பிக்கை ஆபத்தானது. அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் எச்சரித்தார். கெட்டிக்காரத்தனம் கண்ணில்பட்டவனுக்கு வாய்ப்பு, படாதவனுக்குக் கயிறு என்பது நீதியாகாது. இரண்டாவது வாய்ப்பு உரிமையாக வரவேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதல் வாய்ப்பே இன்னும் வரவில்லை.

6. தந்தியில் ஓடும் பெயர்

கடைசியாக, இந்த நாவலை இந்த மேடைக்குக் கொண்டுவந்ததற்கான காரணம்.

கோபுரத் தந்தித் தொழிலாளர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. இறந்துபோன தோழரின் பெயரை மூன்று குறியெழுத்துகளோடு தந்தியில் அனுப்புவார்கள். அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு, பதிவேட்டில் எழுதாதே, கடைசிக் கோபுரத்தில் திருப்பிவிடு என்பது அந்த எழுத்துகளின் பொருள். அதனால் அந்தப் பெயர் எங்கும் இறங்காமல், நிறுவனத்தின் கணக்கிலும் வராமல், முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஜானின் பெயர் அப்படி ஓடுகிறது. பெயர் ஓடும்வரை ஆள் முழுதாகச் சாகவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. 2015இல் பிராட்செட் இறந்தபோது, உலகெங்கும் கணினித் துறையில் இருந்த வாசகர்கள் தங்கள் இணையதளங்களின் கண்ணுக்குத் தெரியாத தலைப்புக் குறிப்பில் அதே மூன்று எழுத்துகளோடு அவர் பெயரைச் சேர்த்து ஓடவிட்டார்கள்.

நினைவுச் சொற்பொழிவு என்பதும் இதுதான். இந்தத் தோழரின் பெயர் எந்த அரசுப் பதிவேட்டிலும் தியாகியாக எழுதப்படவில்லை. ஆண்டுதோறும் ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு நாம்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். குழியில் இறந்தவர்கள், காவலில் இறந்தவர்கள், செய்யாத திருட்டுக்குப் பெயர் வாங்கியவர்கள் என்று இப்படி அனுப்பவேண்டிய பெயர்கள் நிறைய இருக்கின்றன. நாவலின் முடிவில் கில்டை வீழ்த்துவது வாள் அல்ல, தந்தியில் இறந்தவர்களின் குரலாக வரும் ஒரு செய்திதான். செத்தவர்களின் பெயரைச் சத்தமாகப் படித்தால் பெரிய திருடர்கள் பயப்படுகிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவரவர் ஊருக்குப் போகும்போது, திருட்டுப்பட்டம் கட்டப்பட்டவர் ஒருவரையாவது சந்தித்து, அவர் வாயால் சொல்வதை அவர் சம்மதத்தோடு எழுதி வாருங்கள். நகைச்சுவையாகச் சொன்னால் நகைச்சுவையாகவே எழுதுங்கள். நம் மக்களின் எத்தர் கதைகளும் ஏராளம். பண்ணையாரை ஏய்த்துப் பசியாறிய கதைகளைப் பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். அவற்றைப் படித்தும் உலகம் ஒருநாள் சிரிக்கட்டும். சிரித்துமுடித்ததும் முள் தைக்கட்டும்.

ஜெய்பீம்.